1948ஆம் ஆண்டு புரூக்ளின் துறைமுகத்துக்கு ஒரு ஷண்டிங் டீசல்: எஸ்-1 தேர்வும் போகி மாற்றமும்

நேற்றிரவு என் மாடல் ரயில் லேஅவுட்டில், அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் கட்டிய எஸ்-1 ஷண்டிங் (சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும்) டீசலின் மாடல் இன்ஜின், துறைமுகப் பக்கத்து நேர்பாதையில் ஒரு மீட்டர் தூரத்தை எங்கும் தடுமாறாமல் 49 வினாடிகளில் கடந்தது. ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் சுமார் 87இல் ஒரு பங்கு) இது நிஜ இன்ஜின் மணிக்கு 4 மைல் வேகத்தில் ஊர்வதற்குச் சமம். சக்கரங்களுக்கு வெளியே தெரிந்தவை, அந்த இன்ஜினுக்குக் காலத்தால் உரிய பிளண்ட் வகைப் போகிகள் (சக்கரங்களைத் தாங்கும் சட்டக்கூடுகள்). இந்த இரண்டும் ஒருசேர அமைய எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் கற்றதை, இதே காலத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

என் லேஅவுட் 1948 அக்டோபர் மாதத்துப் புரூக்ளின் கடற்கரை. நான் கற்பனையாக உருவாக்கிய ஒரு சிறு துறைமுக ரயில் நிறுவனம், தண்டவாளம் பதித்த மிதவைகளில் நியூயார்க் துறைமுகத்தைக் கடந்து வரும் சரக்கு வண்டிகளைக் கரையேற்றி, கிடங்குகளுக்கும் ஆலைகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. நிறுவனம் கற்பனையானது என்றாலும், அது வாங்கியிருக்கக்கூடிய இன்ஜின் கற்பனையாக இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

அந்த ஊரில் டீசல் என்றதும் நினைவுக்கு வருவது 1923இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய காஃப்மன் சட்டம். 1926 ஜனவரி 1 முதல் நகர எல்லைக்குள் நீராவி இன்ஜின் ஓடக் கூடாது என்று அது விதித்த நெருக்கடியில்தான், நியூ ஜெர்சி சென்ட்ரல் நிறுவனம் 1925இல் 300 குதிரைத்திறன் கொண்ட தன் 1000ஆம் எண் டீசல் இன்ஜினைப் பிராங்ஸ் முனையத்தில் இறக்கியது. ஆனால் சட்டம் பின்னர் தளர்ந்தது. புரூக்ளின் ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட் டெர்மினல் 1963 வரை நீராவி டேங்க் இன்ஜின்களையே ஓட்டியது. ஆகவே 1948இல் புரூக்ளினில் நீராவி இன்ஜினை வைத்திருந்தாலும் பிழையில்லை. டீசலை வைத்தால், அது எப்போது, ஏன் வாங்கப்பட்டது என்பதற்கு லேஅவுட்டின் கதையில் விடை இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்க ஷண்டிங் டீசல்களைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மில் பலர் செய்யும் தவறு, உற்பத்தி தொடங்கிய ஆண்டை மட்டும் பார்ப்பது. இ.எம்.டி. நிறுவனத்தின் எஸ்.டபிள்யூ-7 ரகம் 1949 அக்டோபரில்தான் வந்தது என்பதால் அது எனக்கு உடனே கழிந்தது. அதற்கு முந்தைய என்.டபிள்யூ-2 1939 முதல் 1949 வரை தயாரிக்கப்பட்டது என்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்துகிறது. ஆனால் என் நிறுவனம் தன் முதல் டீசலைப் போர்க்காலத்து நெரிசலில், 1943இல் வாங்கியதாகக் கதை வைத்திருக்கிறேன். 1942இல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம், இ.எம்.டி. நெடுந்தூரச் சரக்கு இன்ஜின்களைக் கட்டட்டும், ஷண்டிங் டீசல்களை ஆல்கோவும் பால்ட்வினும் கட்டட்டும் என்று வேலையைப் பிரித்துவிட்டது. 1943இல் புது இன்ஜின் கேட்டுப் போன ஒரு துறைமுக நிறுவனத்துக்கு இந்த இரண்டில் ஒன்றின் கதவுதான் திறந்திருக்கும். என்.டபிள்யூ-2இன் தோற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் இந்த ஒரே காரணத்துக்காக அதை விட்டேன்.

ஜெனரல் எலக்ட்ரிக்கின் 44 டன் இன்ஜினைப் பற்றி நெடுநாள் யோசித்தேன். 90,000 பவுண்டுக்குக் குறைவான இன்ஜினில் ஃபயர்மேன் (ஓட்டுநரின் உதவியாளர்) தேவையில்லை என்ற 1937ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை ஒட்டியே, 88,000 பவுண்டு எடையோடு அது பிறந்தது. எங்கள் குறுகிய தெருப்பாதைகளுக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் கடல் வற்றும் நேரத்தில் மிதவை தாழ்ந்துவிடும். கரையையும் மிதவையையும் இணைக்கும் பாலம் கீழ்நோக்கிச் சரியும். நிறைசுமை வண்டிகளை அந்தச் சரிவில் இழுத்து ஏற்றுவதற்குச் சக்கரத்தின் மேல் எடை வேண்டும். சுமார் 99 டன் எடையும் 660 குதிரைத்திறனும் கொண்ட எஸ்-1 அந்த வேலையைச் செய்யும். 115 டன், 1000 குதிரைத்திறன் கொண்ட எஸ்-2 ஏழெட்டு வண்டிகளுக்கு மேல் ஒரே சமயத்தில் நகராத என் லேஅவுட்டுக்கு மிகை. இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய, புகைப்போக்கியையும் ரேடியேட்டர் ஷட்டரையும் பார்த்தால் போதும்: டர்போசார்ஜர் உள்ள எஸ்-2இல் இரண்டுமே பெரியவை.

இவ்வளவும் தெளிந்தபின் ஒரு பழைய மாடலை வாங்கினேன். பெட்டியின் மேல் எஸ்-1 என்றே எழுதியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கின் கீழ் வைத்தபோதுதான், அதன் போகிகள் ஏ.ஏ.ஆர். (அமெரிக்க ரயில்வே சங்கம்) ஏ வகையைச் சேர்ந்தவை என்று கண்டேன். அச்சுப்பெட்டிகளுக்கு இடையே தாழ்ந்து செல்லும் சமன்செய் பட்டையும் அதன்மேல் நிற்கும் சுருள்வில்களும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் போகிகளோடு வந்தது எஸ்-3. அதன் உற்பத்தி 1950இல்தான் தொடங்கியது. எஸ்-1, எஸ்-2 இரண்டும் ஆல்கோவின் ஜேம்ஸ் பிளண்ட் வடிவமைத்த போகிகளில் ஓடின. விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலத்தை முக்கியமாகக் கருதும் ஒருவரிடம் விற்கும்போது, போகியையாவது படம் எடுத்துக் காட்டியிருக்க வேண்டும்.

திருப்பி அனுப்பும் வழி இல்லை. மேல்கூடும் புகைப்போக்கியும் 660 குதிரைத்திறன் இன்ஜினுக்கு உரியவையாக இருந்ததால், போகியின் பக்கச்சட்டங்களை மட்டும் மாற்றத் தீர்மானித்து, ரெசினில் வார்த்த பிளண்ட் பக்கச்சட்டங்கள் நான்கை வரவழைத்தேன். இரண்டு மாதத்தை விழுங்கியது இந்தக் கட்டம்தான்.

முதல் முறை, பழைய சட்டங்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை சயனோ பசையால் ஒட்டினேன். பல்சக்கரப் பெட்டி டெல்ரின் போன்ற வழுக்கும் பிளாஸ்டிக்; அதில் பசை காய்ந்ததுபோலத் தோன்றும், பிடிக்காது. மூன்றாம் நாள் வளைவில் ஒரு சட்டம் கழன்று விழுந்தது. மேற்பரப்பை உப்புத்தாளால் உரசிவிட்டு எபாக்ஸி போட்டும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. நுண்ணிய திருகுகளைப் போட்டபோது, அவற்றின் தலைகள் ரெசினின் முகப்பு நுணுக்கத்தை அழித்தன.

இறுதியில் கைகொடுத்தது 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி. ஒவ்வொரு சட்டத்தின் பின்புறத்திலும் முகப்பைத் துளைக்காத ஆழத்துக்கு இரண்டு துளைகள். அவற்றுக்கு நேராகப் பல்சக்கரப் பெட்டியில் இரண்டு துளைகள். கம்பியை ரெசினில் எபாக்ஸியால் நிலைநிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் பக்கம் இறுக்கமாகச் செருகி நிற்கும்படி மட்டும் விட்டேன். பசையை நம்பாததால் இப்போது கழற்றித் துடைத்து மாட்டவும் முடிகிறது. துளைகள் நேராக அமைய, கழற்றிய பழைய சட்டத்தையே அச்சாக வைத்துக் குறித்தேன். ஆகவே பழைய உறுப்பை எறிந்துவிடாதீர்கள்.

இதில் என்னை மிகவும் அலைக்கழித்தது ரெசினின் சுருக்கம். மாடலின் இரு அச்சுகளுக்கும் இடையே 28 மி.மீ. இருக்கிறது, வார்ப்பில் அச்சுப்பெட்டிகளின் இடைவெளி 27.6 மி.மீ.தான் வந்தது. ஒரு பக்கத்தைச் சரியாக வைத்தால் மறுபக்கம் 0.4 மி.மீ. விலகி, அச்சுக்கும் பெட்டிக்கும் தொடர்பில்லாததுபோல் கண்ணை உறுத்தியது. விலகலை இருபுறமும் 0.2 மி.மீ. ஆகப் பகிர்ந்தபின் அது மறைந்தது. அடுத்து, சக்கரம் உரசாதிருக்கச் சட்டத்தின் பின்னால் 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகட்டை வைத்தேன். 18 அங்குல ஆர வளைவில் சட்டத்தின் முனை இன்ஜினின் ஏறுபடியில் இடித்து, முன்போகி தடம் புரண்டது. 0.25 மி.மீ. தகட்டில் இரண்டும் ஒழிந்தன. கால் மில்லிமீட்டர் இப்படி ஒரு இன்ஜினின் ஓட்டத்தையே தீர்மானிக்கும் என்பதை நான் முன்பு இவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

மின்பகுதி விரைவாக முடிந்தது. தடம் பிரியும் நம்பர் 4 டர்ன்அவுட்களில், தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃப்ராக்குகளுக்கு முன்பே மின்சாரம் கொடுத்திருந்தேன். கட்டளைகளை ஏற்று மோட்டாரை இயக்கும் டிகோடரோடு, மின்தொடர்பு கணநேரம் அறுந்தாலும் ஓட்டம் நிற்காமல் காக்கும் ஒரு கீப்-அலைவ் கெபாசிட்டரை ஓட்டுநர் அறைக்குள் அடக்கினேன். டிகோடரின் அமைப்பெண்களான சி.வி.களில், தொடக்க மின்னழுத்தத்துக்கான இரண்டாவதைச் சற்றே உயர்த்தி, வேகம் ஏறுவதையும் இறங்குவதையும் மெதுவாக்கும் மூன்றையும் நான்கையும் கூட்டிவிட்டேன். வண்டிகளைக் கோக்கும் கப்ளர்கள் கேடி நிறுவனத்தின் 58ஆம் எண்.

ஊர்ந்து செல்லும் வேகத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அந்த இணைப்புப் பாலம். பாலத்தின் மேல் இன்ஜினின் எடை ஏறக் கூடாது என்பதற்காக, இன்ஜினுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் இடையே வெறும் தட்டு வண்டிகளை இணைத்து, அவற்றைக் கைபோல நீட்டித்தான் மிதவையிலிருந்து வண்டிகளை எடுப்பார்கள். மிதவையின் இருபுறமும் எடை சமமாக இருக்கும்படி, ஒரு தடத்தில் சில வண்டிகள், மறு தடத்தில் சில வண்டிகள் என்று மாற்றி மாற்றி இறக்க வேண்டும். அந்த வேலையில் இன்ஜின் ஒருமுறை துள்ளினாலும் காட்சி பொய்யாகிவிடும்.

ஆகவே அடுத்த வேலையாக இரண்டு தட்டு வண்டிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாலத்தை மரத்தில் கட்டுவதா, பித்தளையில் கட்டுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. மர வடிவத்துக்கான 3 மி.மீ. பாஸ்வுட் கம்பிகள் மட்டும் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த 44 டன் இன்ஜினையும் நான் கைவிடவில்லை. தெருப்பாதைக்கென அடுத்த ஆண்டு ஒன்று வாங்குவேன்.

எஸ்-1க்கு இன்னும் எழுத்தும் எண்ணும் ஒட்டவில்லை. முந்தைய உரிமையாளர் கூரையில் பொருத்தியிருந்த ரேடியோ ஆன்டெனாவையும் சுழல் விளக்கையும் 1948க்கு ஆகாதவை என்று பிடுங்கிய இடத்தில் இரண்டு துளைகள் தெரிகின்றன. அவற்றை நிரப்பி, உரசி, கறுப்புப் பூசியபின்தான் டெக்கால் தாளைத் தண்ணீரில் போடுவேன்.