வடநெம்மேலியில் ஒரு காலை

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு சென்னைக்குத் தெற்கே இருக்கும் வடநெம்மேலி போயிருந்தேன். முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது.

மண்பானையின் வாயில் கட்டியிருந்த துணியை ஒரு பெரியவர் அவிழ்த்தார். கொக்கியால் கண்ணாடி விரியனை மெல்ல வெளியே எடுத்து, தலையைப் பிடித்துக் குடுவை விளிம்பைக் கடிக்க வைத்தார். வெளிர் மஞ்சளாகச் சில சொட்டுகள். அவ்வளவுதான். மகள் என் கையை விடவே இல்லை.

"அதுக்கு வலிக்குமா தாத்தா?"

"இல்ல பாப்பா. மறுபடியும் ஊறிடும்."

ஒரு காலத்தில் இருளர் பழங்குடியினருக்குப் பாம்புத் தோல்தான் பிழைப்பு. 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு அந்த வியாபாரம் நின்றுபோனது. கையில் இருந்த வித்தையை வைத்தே 1978-இல் இந்தச் சங்கம் உருவானது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணை நின்றார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றித்தான் நஞ்சுமுறி மருந்து தயாராகிறது.

2023-இல் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ பெற்றார்கள். மனம் நிறைந்த செய்தி. ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை இன்றும் அரசு அனுமதிதான் தீர்மானிக்கிறது. அதில் இவர்கள் குரலும் இருக்க வேண்டும் என்பேன்.

பெரியவர் விரியனைப் பானைக்குள் விட்டு, துணியை இறுக்கிக் கட்டினார். அப்புறம் அடுத்த பானைக்குப் போனார்.