மேஜிக் ஷோவுக்கு எழுதுற போர்டு: சிலேட்டுல ஆரம்பிச்சு பரீட்சை அட்டை வரைக்கும்

ஆடியன்ஸ்ல ஒருத்தர் மனசுல நினைச்ச பேரையோ நம்பரையோ எழுதிக் காட்டற ஐட்டம் பண்றவங்களுக்குத் தெரியும், மொத்த வித்தையும் போர்டத் திருப்பற அந்த ஒரு செகண்ட்லதான் நிக்குது. கடைசி வரிசைல உக்காந்திருக்கறவரு அந்தப் பேர அப்பவே படிச்சாகணும், பக்கத்துல இருக்கறவர்கிட்ட "என்னங்க எழுதியிருக்கு"ன்னு கேட்டாருன்னா அங்கயே முடிஞ்சுது, கை எவ்ளோ சுத்தமா வேலை செஞ்சிருந்தாலும் பிரயோஜனமே இல்ல. அதனால சேலத்துலயும் ஏற்காட்டுலயும் பண்ற சின்னச் சின்ன ஷோக்கள்ல ஒவ்வொரு போர்டா மாத்திப் பாத்துட்டு வரேன். ரகசியம் எதையும் இங்க தொடல, எழுதற பலகை பத்தி மட்டும்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நிஜக் கல் சிலேட்டு. மேஜிக்ல அதுக்குப் பெரிய வரலாறு இருக்கு, 1870கள்ல ஹென்றி ஸ்லேடுன்னு ஒரு அமெரிக்கர் ஆவி வந்து சிலேட்டுல எழுதுதுன்னு காட்டிக்கிட்டு லண்டன் வரைக்கும் போனாரு, 1876ல ரே லான்கெஸ்டர்ங்கற விஞ்ஞானி ஆவி எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சிலேட்டப் பிடுங்கிப் பாத்தா எழுத்து ரெடியா இருந்திருக்கு, கேஸு கோர்ட்டு வரைக்கும் போச்சு. இன்னிக்கும் மரச்சட்டம் போட்ட சிலேட்டக் கையில எடுத்தாலே பெரியவங்க முகத்துல ஒரு மாற்றம் தெரியும். அப்புறம் அந்தச் சத்தம்! காலர் மைக் போட்டுக்கிட்டு சாக்பீஸால எழுதினா டக் டக்னு ஹால் முழுக்க கேக்கும், யாரும் அமைதியா இருங்கன்னு சொல்லவே வேணாம். பல்பம் மட்டும் எடுக்காதீங்க, கோடு மெலிசா சாம்பலா விழும், நாலு வரிசை தாண்டாது.

ஆனா சைஸுதான் இடிக்குது. போர்டு எழுதறவங்க சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு, 10 அடி தூரத்துக்கு 1 இஞ்ச் உயர எழுத்து. 40 அடி நீளக் கல்யாண மண்டபம்னா 4 இஞ்ச் வேணும். தமிழ்ல புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் இருக்கறதால நான் இன்னும் கொஞ்சம் கூட்டியே எழுதறேன், தூரத்துல முதல்ல காணாமப் போறது புள்ளிதான். அந்த சைஸ்ல எழுதினா சிலேட்டுல ரெண்டு மூணு எழுத்துக்கு மேல பிடிக்காது, மீனாட்சிசுந்தரம்னு ஒருத்தர் எந்திரிச்சா என்ன பண்றது? அதனால சிலேட்டுல இப்போ நம்பர் மட்டும்தான்.

ஒயிட் போர்டு பெருசாக் கிடைக்கும், ஆனா ஃபோகஸ் லைட் பட்டா நடுவுல பளீர்னு வெள்ளை வட்டம் விழுந்து பாதி பேர் மறைஞ்சிடும். மேல் விளிம்ப ஆடியன்ஸ் பக்கமா லேசா சாய்ச்சுப் பிடிச்சா மேல இருந்து வர்ற வெளிச்சம் தரைக்குப் போயிடும், முக்கால்வாசி சரியாகும். கறுப்பு மார்க்கர், அதுவும் பட்டை நுனி, வேற கலரே வேணாம். மேடைல சிவப்பு லைட் போட்டாங்கன்னா சிவப்பு எழுத்து அப்படியே கரைஞ்சு போகும்.

அப்புறம் நானே ஒண்ணு செஞ்சேன். செவ்வாய்பேட்டைல ஒரு ஹார்டுவேர் கடைல எம்டிஎஃப் பலகை (மரநார அழுத்திச் செய்யறது) ரெண்டடிக்கு ஒன்றரை அடி வெட்டி வாங்கி, உப்புத்தாள் போட்டு, பிளாக்போர்டு பெயிண்ட் ரெண்டு கோட்டிங். இங்க ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். பெயிண்ட் நல்லாக் காஞ்சப்புறம் சாக்பீஸப் படுக்க வச்சு பலகை முழுக்க தேச்சு, துணியால துடைச்சுட்டுத்தான் முதல் எழுத்து எழுதணும். நேரா எழுதினீங்கன்னா அந்த எழுத்து துடைச்சாலும் நிழலா நிக்கும், கிளாஸ்ரூம்ல அது பரவால்ல, நம்ம வேலைல பழைய எழுத்து ஒரு கோடு தெரிஞ்சாலும் கூர்மையான பையன் ஒருத்தன் கண்டுபிடிச்சிடுவான். பளபளப்பே இல்லாததால லைட் பிரச்சனையும் இல்ல. 

ஏற்காடு மட்டும் தனிக்கதை. அங்க ஒரு பர்த்டே ஃபங்ஷன், சாயங்காலம் மூடுபனி ஜன்னல் வழியா ஹாலுக்குள்ளயே வருது. கார்ல ஜில்லுன்னு கிடந்த ஒயிட் போர்ட உள்ள கொண்டு வந்ததும் ஆளுங்க கூட்டத்து வெதுவெதுப்புல மேல ஈரம் படிஞ்சிடுச்சு, மார்க்கர் வழுக்குது. சாக்பீஸும் நமுத்துப்போய் வெளுப்பாவே விழல. சார்ட் பேப்பர் ஓரம் சுருண்டுச்சு. அன்னிக்குக் காப்பாத்துனது அந்த வீட்டுப் பொண்ணோட பரீட்சை அட்டை, அதுல என்கிட்ட இருந்த கெட்டி டிராயிங் ஷீட்டக் கிளிப் பண்ணி பர்மனன்ட் மார்க்கர்ல எழுதினேன். முன்னாடி உக்காந்திருந்த பாட்டி ஒருத்தவங்க, "கண்ணு, நம்ம பாப்பா அட்டை தான இது"ன்னு சத்தமாக் கேட்டாங்க, அதுக்கப்புறம் யாருக்கும் பலகை மேல சந்தேகமே வரல. நான் கொண்டு வர்ற எந்தச் சாமானும் அந்த நம்பிக்கையத் தராது, காரணம் பரீட்சை அட்டை இல்லாத வீடே நம்மூர்ல கிடையாது. எழுதின ஷீட்ட அந்தப் பொண்ணுகிட்டயே கொடுத்துட்டு வந்தேன், அதுவும் போர்டுல முடியாத காரியம்.

இப்போ ஏ3 சைஸ் பெரிய அட்டை ஒண்ணு வாங்கியிருக்கேன், ஷீட் 150 ஜிஎஸ்எம்முக்குக் (தாளோட கனத்தச் சொல்ற அளவு) குறையாம. மெலிசுத் தாள்னா பின்னாடி லைட் இருக்கறப்போ எழுத்து ஊடுருவித் தெரியும், திருப்பறதுக்கு முன்னாடியே குட்டு வெளிப்பட்டுடும். பெரிய மண்டபத்துக்குக் கறுப்புப் பலகை, வீட்டு ஃபங்ஷனுக்கும் ஸ்கூலுக்கும் அட்டை. அடுத்து மே மாசம் ஏற்காட்டுல திறந்தவெளில பட்டப்பகல்ல ஒரு ஷோ இருக்கு, வெயில்ல வெள்ளைத் தாள் கண்ணு கூசும், அதனால கறுப்புச் சார்ட்ல லிக்விட் சாக் பேனா வச்சுப் பாக்கப்போறேன்.