சுங்கை சிப்புட், மாசி

பிப்ரவரி 13, வியாழன்

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். ஈப்போ தாண்டியதும் இவர் பெரிய சாலையை விட்டு சிம்மோர் வழியாகப் பழைய ரோட்டில் காரை விட்டார். ஏன் என்று கேட்கவில்லை. கிள்ளானிலிருந்து இங்கே வரும்வரை எங்களுக்குள் நடந்த பேச்சு மூன்றுதான்: பெட்ரோல், டோல், ஏர்கோனைக் குறைக்கவா.

மகள் கேமரன் மலையில் ரிசார்ட் பார்த்து வைத்திருந்தாள். கணவன் மனைவிக்கென்றே இரண்டு இரவாம், காட்டுக்குள் நடையாம். இவர் வேண்டாம் என்றுவிட்டார். ‘அண்ணன் வீடு சும்மாதானே கிடக்கு, அங்க போவோம்.’ சிங்கப்பூர் வேலைக்குப் போன பதினேழு வருஷத்தில் இவராக வாய் திறந்து கேட்ட முதல் இடம். அதனால்தான் சரி என்றேன்.

பலகை வீடு, தகரக் கூரை. பின்னால் மூன்று ஏக்கர் ரப்பர்ப் பால் மரம், அதற்கும் பின்னால் வெள்ளைப் பாறை தெரியும் சுண்ணாம்புக் குன்று. மரமெல்லாம் இலை சிவந்து உதிர்கிறது. வந்ததும் வாசலைக் கூட்டினேன். துடைப்பத்தைச் சாத்திவிட்டுத் திரும்பினால் மறுபடி இலை.

பிப்ரவரி 14, வெள்ளி

தண்ணீர்த் தொட்டி கழுவினோம். நான் உள்ளே இறங்கித் தேய்த்தேன், இவர் வெளியே நின்று வாளியை வாங்கி ஊற்றினார். ஒரு மணி நேரம் பேச்சில்லை. ஆனால் நான் வாளியைத் தூக்கிய போதெல்லாம் வாங்கக் கை இருந்தது.

பிப்ரவரி 15, சனி

இவர் விரல்.

காலையில் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்தவர் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் நின்றார். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணு வரை வெளுத்திருந்தன. அவித்து உரித்த மரவள்ளிக் கிழங்கு நிறம். தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

‘என்னங்க இது?’

‘பச்சத் தண்ணி பட்டா அப்படித்தான். கொஞ்ச நேரத்துல போயிரும்.’

போனது. வெள்ளை நீலமாகி, நீலம் சிவப்பாகி, அந்த நேரம் முழுக்க இவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆறேழு வருஷமாம்.

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் கிரைண்டர் பிடித்த கை. அந்த அதிர்வு நாளெல்லாம் கையில் ஏறி ஏறி, விரலின் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். இருபத்தேழாம் தேதி நரம்பு பார்க்க வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தை நான் பையில் பார்த்தேன். கண்ணுக்கு என்று நினைத்து மூடி வைத்தேன்.

ஆறேழு வருஷம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு நாள் இருப்பார். அந்தக் கைக்குத்தானே சோறு போட்டேன்? கையைப் பார்க்கவே இல்லையா நான்? குழம்பு போதுமா என்று தட்டைப் பார்த்தேன். பணம் எண்ணிக் கொடுக்கும்போது பணத்தைப் பார்த்தேன். போனில் பேசும்போது பார்க்க என்ன இருக்கிறது. இப்போது நினைத்தால், போன தீபாவளிக்கு மத்தாப்புக் குச்சியை இடது கையால்தான் பிடித்தார். அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

பித்தானை நான் போட்டுவிட்டேன். ஐந்து பித்தான். இரண்டு பேரும் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

டவுனுக்குப் போனோம். மார்க்கெட்டில் கெம்போங் மீன், பெத்தாய், கங்கோங். கோப்பிக் கடையில் ஒரு பெரியவர் இவரை உற்றுப் பார்த்துவிட்டு, ‘நீ மண்டோர் வீட்டுக்குப் பின் லயத்துப் பையன்தானே?’ என்றார். இவர் எழுந்து நின்றுவிட்டார். அரை மணி நேரம் யார் செத்தார்கள், யார் எங்கே என்று பேச்சு. இவர் சிரித்த சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது.

பெரியவர் போன பிறகு எனக்குச் சொன்னார்: தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் ஆரம்பித்த நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் இவர் அப்பாவும் சேர்ந்தாராம். கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய பணத்தின் ரசீதைக் கந்தர் சஷ்டி கவசப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாராம். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முப்பது வருஷம் ஆகிறது. அந்தப் புத்தகத்தை விளக்கு வைக்கும்போதெல்லாம் தொட்டிருக்கிறேன்.

மே மாதப் பேச்சை நான் எடுக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

ராத்திரி தகரத்தில் இலை விழுகிற சத்தம். மழை என்று நினைத்து எழுந்து துணி எடுக்கப் போனேன். இவரும் எழுந்து வந்தார். மழை இல்லை, நிலா. கொஞ்ச நேரம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பக்கத்துக் கொல்லை அக்காவுக்கு அறுபத்தெட்டு வயசு. இன்னமும் பால் வெட்டுகிறார். எல்லா மரமும் ஒரே சமயத்தில் இலை உதிர்ப்பதில்லை, இலை இருக்கிற நிரையை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவேன் என்றார். ‘நீயும் வாயேம்மா, சும்மாதானே இருக்க.’ இவரைத் திரும்பிப் பார்த்தேன். ‘போவோம்’ என்றார்.

ஐந்தரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனோம். இங்கே விடிய ஏழு மணிக்கு மேலாகிறது. விடியுமுன் மரத்துக்குள் பால் அழுத்தமாக இருக்கும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும், அதனால்தான் இருட்டில் வெட்டுவது என்று இவர் சொல்லிக்கொண்டே நடந்தார். எங்கள் கல்யாணத்தில்கூட இவர் இவ்வளவு பேசவில்லை.

அக்கா கத்தியை இவரிடம் நீட்டினார். வாங்கினார். மரத்தில் வைத்தார். பனியில் நனைந்த கைப்பிடி. விரல் வெளுப்பது விளக்கு வெளிச்சத்தில் எனக்கே தெரிந்தது. கத்தி பட்டையில் ஒரு தடவை வழுக்கியது. இவர் நிறுத்திவிட்டுக் கத்தியை என்னிடம் கொடுத்தார்.

‘நீ வெட்டு. நான் சொல்றேன்.’

நான் கிள்ளான் டவுனில் பிறந்தவள். பால் மரத்தைக் கார் சன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். முதலில் பழைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரிக்கச் சொன்னார். ரப்பர் வளையம்போல இழுபட்டு, பட்டென்று விட்டு வந்தது. அப்புறம் இடது பக்கம் மேலே வைத்து வலது பக்கம் கீழாக இழுக்க வேண்டும். மரத்தின் பால் குழாய்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடுவதால் இந்தச் சரிவில் வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடுமாம். ‘அழுத்தாத. தோல் சீவுற மாதிரி. உள்ள இருக்கிற மரத்தத் தொட்டுட்டா காயம். பட்டை முடிச்சு முடிச்சாத்தான் திரும்ப வளரும், அப்புறம் அந்த இடத்துல யாரும் வெட்ட முடியாது.’

இரண்டாவது மரத்தில் காயப்படுத்திவிட்டேன். ஐயோ என்றேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியின் சாய்வை மாற்றி வைத்தார். அந்தச் சில்லென்ற விரல்களால்தான். நான்காவது மரத்தில் சுருள் மெல்லிசாக, உடையாமல் வந்தது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் வெட்டின் ஓரம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெள்ளை. புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து, சரிவில் இறங்கி, தகர மூக்கில் ஒரு நொடி நின்று, மங்குக் கிண்ணத்தில் விழுந்தது முதல் சொட்டு.

‘ஆங். அதான்’ என்றார்.

பிப்ரவரி 19, புதன்

கோலகங்சாருக்குப் போனோம், பழைய ரப்பர் மரத்தைப் பார்க்க. 1877-இல் நட்ட கன்றுகளில் ஒன்று, இன்னும் நிற்கிறது. வேலி போட்டிருக்கிறார்கள். அதன் கன்று சிங்கப்பூரிலிருந்து வந்தது என்று இவர் சொன்னதும் இரண்டு பேரும் சற்று நேரம் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில் தாத்தா கதை. 1969-இல் பிரஜை அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் இறுகியபோது தாத்தாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பாட்டி இங்கேயே பிறந்தவர், நீலம். தாத்தாவுக்கு பெர்மிட் கிடைக்கவில்லை. பினாங்கில் கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனார். ஒரு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று தகரப் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போனாராம். வரவில்லை. பாட்டி அந்தப் பெட்டியில் அரிசி வைத்தாராம், கடைசிவரை.

‘நானும் ஒரு வருஷம்னுதான் சொல்லிட்டுப் போனேன்’ என்றார் இவர்.

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பன்னிரண்டு மரம் வெட்டினேன். ஒரு காயம்.

பிப்ரவரி 21, வெள்ளி

கேட்டுவிட்டேன். சோறு போட்டுக்கொண்டிருந்தேன், வாயில் வந்துவிட்டது. ‘அந்த மே மாசம் ஏன் வரல?’

என் கட்டிலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் என் தம்பி போட்டான். நர்ஸ் ‘சுவாமி?’ என்று மலாயில் கேட்டாள், புருஷன் எங்கே என்று. நான் தலையை ஆட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

வேலை, லீவு கிடைக்கவில்லை, பாலத்தில் ஜாம், இப்படி ஏதாவது சொல்வார் என்றிருந்தேன். தட்டைத் தள்ளி வைத்தார். ஜொகூர் பாருவில் லார்க்கின் பஸ் நிலையம் வரை வந்தாராம். டிக்கெட் வாங்கிவிட்டாராம். ராத்திரி பதினொன்றரை பஸ். பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், கிளம்பியது. இவர் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாராம். விடியும் வரை.

‘பயமா இருந்துச்சு. உன்ன அப்படிப் பாக்க பயம். வேற ஒண்ணும் இல்ல.’

எனக்கும்தான் பயமாக இருந்தது. நான் எந்தப் பெஞ்சில் போய் உட்கார?

பிப்ரவரி 22, சனி

பால் வெட்டப் போகவில்லை. அக்கா வந்து கூப்பிட்டார். தலைவலி என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

லிந்தாங் பக்கம் பிளஸ் ஆற்றங்கரைக்குத் தனியாகப் போனேன். தண்ணீர் குறைந்து கல் தெரிகிறது. ஒரு மலாய்க்காரப் பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரத்தில் ஒரு மீனும் இல்லை, அவர் முகத்தில் மாற்றமும் இல்லை.

கோபம் தீரவில்லை. தீராது என்றும் தோன்றவில்லை. டிக்கெட் வாங்கியது நிஜமென்றால் அது என்ன கணக்கு? பாதி வழி வந்ததற்குப் பாதி மன்னிப்பா? ஆனால் இவர் பொய் சொல்லியிருக்கலாம். பாலத்தில் ஜாம் என்றால் நான் நம்பியிருப்பேன். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். பொய் கையிலேயே இருந்தது, எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசல் கூட்டியிருந்தது. நான் குவிக்கிற இடத்திலேயே, கிணற்றுக்குப் பக்கத்தில், இலை குவிந்திருந்தது. இடது கையால் கூட்டியிருக்கிறார். கோடு எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

போனேன். இவரும் வந்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பதினெட்டு மரம்.

குன்றுப் பக்கத்து மரங்களில் துளிர் விட்டிருக்கிறது. செம்பு நிறம், தொட்டால் ஈரத் துணிபோலத் தொங்குகிறது. இந்தத் துளிருக்குச் சாம்பல் நோய் வந்தால் மறுபடி கொட்டிவிடும், பனி அதிகமான வருஷம் அப்படித்தான் என்றார் அக்கா. இவர் ஒரு கிளையை வளைத்து இலையின் அடிப்பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

சாயங்காலம் வெந்நீர் வைத்து, இவர் கையை அதில் வைக்கச் சொன்னேன். கழுத்துக்கும் தோளுக்கும் சேர்த்து எண்ணெய் தேய்த்தேன். தூங்கிவிட்டார், உட்கார்ந்தபடியே.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாளைக்குச் சிவராத்திரி. கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே கிளம்புவதாக இருந்தோம். காலையில் எழுந்ததும், ‘இருபத்தேழு காலைல நேரா இங்கேருந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமா?’ என்றார். விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கும். பரவாயில்லை, இருட்டில் எழுந்து பழகிவிட்டது.

டாக்டர் அறைக்குள் நானும் வருவேன் என்றேன். வா என்றார். என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுத உட்கார்ந்தோம். எந்த விரல், எத்தனை நிமிஷம், ராத்திரியில் எழுப்புகிறதா. இவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இடது கையிலும் சுண்டு விரலில் ஆரம்பித்திருக்கிறதாம், போன மாதத்திலிருந்து. அதையும் எழுதினேன்.

அக்கா கூப்பிடுகிறார், கட்டிப்பால் எடைக்காரர் வந்துவிட்டாராம்.