டேபிளை இறக்குங்க சிஸ்டர்
நேற்று மூன்றாவது லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டு, கேமராவை விட்டு, மானிட்டரில் பார்த்தபடி செய்யும் ஆபரேஷன்) முடிந்து கையுறையைக் கழற்றும்போது வலது தோளைத் தூக்கவே முடியவில்லை. "சார், நீங்களே பேஷண்ட் மாதிரி நிக்கிறீங்க" என்றார் சிஸ்டர்.

தப்பு என்னுடையதுதான். முந்தைய கேஸ் செய்தவர் என்னைவிட ஒரு சாண் உயரம். ஆபரேஷன் டேபிளை இறக்காமலே ஆரம்பித்துவிட்டேன். லேப்ராஸ்கோபிக் கருவிகள் நீளம். அதனால் வயிற்றைத் திறந்து செய்வதைவிட டேபிள் தாழ்வாக இருக்க வேண்டும். முழங்கை செங்கோணத்தைவிடக் கொஞ்சம் விரிந்து, தோள் தளர்ந்து தொங்கினால் சரி. மானிட்டர் நேர் எதிரே, கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே. ஓரமாக இருந்தால் கேஸ் முடியும்வரை கழுத்தைத் திருப்பியே நிற்க வேண்டியதுதான்.

இன்று முதல் வேலையாக டேபிளை இறக்கச் சொன்னேன். அரைமணிக்கு ஒருமுறை கருவியை விட்டுவிட்டு ஒரு நிமிடம் தோளைச் சுழற்றினோம். "யோகா கிளாஸா?" என்று சிரித்தார் மயக்க மருந்து டாக்டர். அப்புறம் அவரும் சுழற்றினார்.