எசமானைப் பார்க்கப் போன வழி

ஸ்பெயினின் லெயோன் நகரத்தில், சான் மார்க்கோஸ் என்ற பழைய மடத்துக்கு முன்னால் ஒரு கற்சிலுவை நிற்கிறது. அதன் படியில் வெண்கல யாத்திரிகர் ஒருவர் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன்பு அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டினேன். அப்போது எல்லோரையும் போல ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மேற்கே சந்தியாகோவுக்கு நடந்து போய், நம்மூரில் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிறோமே, அந்த அப்போஸ்தலர் யாக்கோபின் கல்லறையைத் தரிசித்துத் திரும்பினேன்.

ஊர் வந்த பிறகுதான் அந்தப் பழமொழி கண்ணில் பட்டது. ‘சந்தியாகோவுக்குப் போய் சால்வதோரிடம் போகாதவன், வேலைக்காரனைக் கும்பிட்டு எசமானை மறந்தவன்.’ சால்வதோர் என்றால் மீட்பர். ஒவியெதோ நகரத்துப் பேராலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. லெயோனிலிருந்து மலையைத் தாண்டி அங்கே போக ஒரு பழைய பாதை உண்டு. நான் அது தெரியாமல் நேராக வேலைக்காரர் வீட்டுக்குப் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

எனவே சென்ற செப்டம்பரில் மறுபடி கிளம்பினேன். இந்த முறை தம்பியும் வந்தான். அவனுக்குக் கோயில் குளம் என்று பெரிய ஈடுபாடு கிடையாது. மலை என்றதும் வந்துவிட்டான். வெண்கல யாத்திரிகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பாலம் ஏறாமல் ஆற்றின் இக்கரையிலேயே வடக்கே நடந்தோம்.

சான் சால்வதோர் பாதை மொத்தம் 120 கிலோமீட்டர்தான். ஐந்து நாள் நடை. ஆனால் கந்தாபிரிய மலைத்தொடரைக் குறுக்காகத் தாண்ட வேண்டும். சந்தியாகோவில் நடந்து வந்ததற்குச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கும் மேல். இந்தப் பாதையில் முதல் இரண்டு நாளில் நாங்கள் பார்த்த யாத்திரிகர்கள் மூன்று பேர். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி, ஒலிபெருக்கி வண்டிக்குப் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்து பழகியவளுக்கு இந்த அமைதி முதலில் கொஞ்சம் பயமாக இருந்தது.

தம்பி கைப்பேசியில் கிலோமீட்டர் பார்ப்பான். என்னிடம் செபமாலைதான். சமதரையில் ஒரு 53 மணி சொல்லி முடித்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் கழியும். ஏற்றத்தில் அதில் பாதிகூடத் தேறாது. “இன்னும் எவ்வளவு தூரம்க்கா?” என்று கேட்பான். “ரெண்டு செபமாலை” என்பேன். தலையில் அடித்துக்கொள்வான்.

முதல் நாள் லா ரோப்லா வரை 27 கிலோமீட்டர். ஓக் மரங்கள், வெயில், தண்ணீர்; அவ்வளவுதான் நினைவிருக்கிறது. இரவு கடையில் செசினா என்று ஒன்று வைத்தார்கள். வேறொன்றுமில்லை, மாட்டிறைச்சி உப்புக்கண்டம், காகிதம் போலச் சீவியது. பாட்டி வீட்டுக் கொடியில் காய்ந்த அதே வாசனை.

இரண்டாம் நாள் புயிசா என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் பாதை சட்டென்று மலைமேல் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு கடை கிடையாது. பொலாதுரா கிராமத்தில் பழைய பள்ளிக்கூடத்தைத்தான் யாத்திரிகர் விடுதியாக்கியிருக்கிறார்கள். வந்ததும் எல்லாருக்கும் முதல் வேலை துணி துவைப்பது. அன்று காலுறை காயவில்லை. மறுநாள் பையின் வெளியே ஊக்கு குத்தித் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினோம்.

அந்த மூன்றாம் நாளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பொலாதுராவிலிருந்து பஹாரெஸ் ஊருக்குப் பதினைந்து கிலோமீட்டர் போலத்தான். ஆனால் நடுவில் பாதை 1,500 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பாதையின் உச்சியே இங்கேதான். வழிகாட்ட மஞ்சள் அம்புகளும், சிப்பி வடிவம் வைத்த கம்பங்களும் உண்டு. வானம் தெளிந்திருந்தால் குழந்தைகூட நடந்துவிடும். எங்களுக்கு விடிந்ததிலிருந்தே மூடுபனி. சான் சால்வதோர் சிலுவை என்று சரிவில் ஒரு சிலுவை நிற்கிறது. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் அடுத்த கம்பத்தைக் காணோம். கைப்பேசியும் செத்துவிட்டது. இரவு சார்ஜ் போட மறந்தவர் யார் என்று இங்கே எழுத மாட்டேன்.

எங்கேயோ மாட்டு மணிச் சத்தம். ஆனால் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. பனிக்குள் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வருவதுபோல இருந்தது. “மணி என்னடா?” என்று கேட்டேன். “செபமாலை மணியா, மாட்டு மணியா?” என்றான். சிரித்தோம். ஆனால் இரண்டு பேருக்கும் கைகால் விறைத்திருந்தது.

அப்புறம் அவன்தான் ஒரு யோசனை சொன்னான். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அவன் மேலே போய் அடுத்த கம்பத்தைத் தேடுவான். கிடைத்தால் கூப்பிடுவான், கிடைக்காவிட்டால் என் சத்தத்தைக் கேட்டுத் திரும்பி வருவான். “நீ சும்மா கத்தினா தொண்டை கட்டிடும். செபத்தைச் சத்தமா சொல்லு. முதல் பாதி நீ சொல்லு. ரெண்டாம் பாதி நான் சொன்னா, நான் இருக்கேன்னு உனக்குத் தெரியும்ல?”

சொன்னேன். “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று தொடங்கி “இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே” என்று நிறுத்தியதும், வெள்ளைக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. “அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே…”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் எல்லாரும் ‘புனித மரியே, இறைவனின் தாயே’ என்று மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. அவன் செபம் சொல்வதை நிறுத்தியது அதற்கும் முந்தி. பாட்டி மடியில் படித்த பழைய வார்த்தைகள் அவனுக்குள் அப்படியே இருந்திருக்கின்றன.

இப்படியே பதினோரு கம்பங்கள் கடந்தோம். ஒரு தடவை குரல் வர நேரமாகியது. நான் அதே முதல் பாதியை மூன்று முறை சொல்லிவிட்டேன். பிறகு மிகத் தூரத்தில் “ஆமென்” மட்டும் கேட்டது. பனி கிழிந்தபோது எங்களுக்கு நேர் எதிரே பத்துப் பன்னிரண்டு மாடுகள், செவலை நிறம், அசை போட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இறங்கினால் ஆர்பாஸ் மாதா கோயில். 12ஆம் நூற்றாண்டில் எழுந்த கற்கோயில். ஒரு காலத்தில் பனியில் சிக்கி வருகிற யாத்திரிகர்களுக்குச் சோறும் படுக்கையும் தந்த மடம் அது. கட்டும்போது கல் இழுத்த காளைகளில் ஒன்றைக் கரடி அடித்துத் தின்றுவிட்டதாம்; பிறகு அந்தக் கரடியையே நுகத்தில் பூட்டி மிச்சக் கல்லை இழுக்கவைத்தார்களாம். நாங்கள் போனபோது கதவு பூட்டியிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுவிட்டு, 1,378 மீட்டர் உயரத்துப் பஹாரெஸ் கணவாயைத் தாண்டினோம். அந்தப் பக்கம் அஸ்தூரியாஸ். இறக்கத்தில் முழங்கால் பேசிய பேச்சை எழுத முடியாது.

கணவாய்க்கு அந்தப் பக்கம் நிலமே வேறு. எங்கும் பச்சை, ஈரம், கஷ்கொட்டை மரங்கள். வீட்டுக்கு வீடு ‘ஓரெயோ’ என்று மரத்தாலான களஞ்சியம், நாலு கால்மேல். நம் குதிருக்குக் கால் முளைத்தால் அப்படித்தான் இருக்கும். காலுக்கும் பெட்டிக்கும் நடுவே தட்டையான கல் ஒன்று வைத்திருக்கிறார்கள்; எலி அதுவரைதான் ஏற முடியும்.

நான்காம் நாள் பொலா தெ லேனா ஊரை நெருங்கும்போது ஒரு மேட்டில் சாந்தா கிறிஸ்தினா கோயில். 9ஆம் நூற்றாண்டு. 1985லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. உள்ளே நம் வீட்டுக் கூடத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பீடத்துக்கு முன்னால் மூன்று வளைவுள்ள கல் தடுப்பு; அதில் அதைவிடப் பழைய கட்டடத்தின் செதுக்குக் கற்களை எடுத்துப் பதித்திருக்கிறார்கள். நான் பார்த்த பெரிய பேராலயங்களை எல்லாம் இதற்கு ஈடாகத் தர மாட்டேன்.

கடைசி நாள் நிலக்கரிச் சுரங்க ஊர்கள், தார்ச்சாலை. ஓயோனியேகோவில் ஒரு பழைய பாலம் புல்வெளிமேல் நிற்கிறது. அடியில் ஆறு இல்லை. 17ஆம் நூற்றாண்டு வெள்ளத்தில் நலோன் ஆறு வேறு பக்கம் போய்விட்டது.

13ஆம் தேதி சாயங்காலம் ஒவியெதோ பேராலயத்துக்குள் நுழைந்தோம். பீடத்துக்கு அருகே தூணோரம் மீட்பர் நிற்கிறார். 13ஆம் நூற்றாண்டுக் கற்சிலை. வலக்கை ஆசீர்வதிக்கிறது, இடக்கையில் உலக உருண்டை. என்ன சொல்வதென்று ஐந்து நாள் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “பிந்திட்டேன், மன்னிச்சுக்கோங்க” என்றுதான் வாயில் வந்தது. தம்பி பையைக்கூட இறக்காமல் பக்கத்தில் நின்றான்.

நாளைப் பார்த்துத்தான் கிளம்பியிருந்தேன். இங்கே புனித அறையில் ஒரு துணி இருக்கிறது. யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில், இயேசுவின் தலையை மூடியிருந்த துண்டு மட்டும் தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்று வருமே, அந்தத் துண்டு இதுதான் என்று காலங்காலமாக நம்புகிறார்கள். 1075இல் ஆறாம் அல்போன்சோ மன்னர் முன்னிலையில், துணி இருந்த பேழையைத் திறந்து பார்த்தார்கள். 1934 கலவரத்தில் அந்த அறையையே வெடிவைத்துத் தகர்த்தார்கள், துணி தப்பியது. கார்பன் சோதனை 7ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தைச் சொன்னது. எனக்கு அதில் சண்டையில்லை. பொதுமக்களுக்குக் காட்டுவது வருடத்தில் மூன்று நாள்தான்: பெரிய வெள்ளி, செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாள், செப்டம்பர் 21.

14ஆம் தேதி பூசை முடிவில் அதைக் கொண்டுவந்து மக்களை ஆசீர்வதித்தார்கள். 84க்கு 53 சென்டிமீட்டர், ஒரு துவாலை அளவு. முகம் எதுவும் தெரிகிற துணி இல்லை. கசங்கிய பழைய லினன், மங்கிய பழுப்புக் கறைகள், அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்ற பாட்டியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தபோது துணி உள்ளே போய்விட்டது.

வெளியே வந்து சதுக்கத்தில் உட்கார்ந்தோம். தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பையில் ஊக்கு குத்தியிருந்த காலுறையைக் கழற்றி, மடித்து, உள்ளே வைத்தான்.

“ஏன்டா, இன்னும் ஈரம் போகலையே?”

“இருக்கட்டும்க்கா” என்றான்.