சிமென்டை உரிக்க ஓர் அனுமதி

இங்கிலாந்தின் சஃபோக்கில் நாங்கள் வாங்கிய வீடு 1600-களில் கட்டியது. ஓக் மரச்சட்டம், இடையில் குச்சிகளைப் பின்னிக் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பிய சுவர். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரம். கடைசித் தரம்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். இங்கிலாந்துப் பட்டியலில் 90 சதவீதத்துக்கு மேல் இந்தத் தரம்தான். வீட்டின் உட்புறமும் சட்டத்துக்குள் அடக்கம். அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றினால் குற்ற வழக்கு.

முதல் குளிர்காலத்திலேயே வடக்குச் சுவரில் ஈரம் ஏறியது. முன்பு இருந்தவர்கள் யாரோ வெளியே சிமென்ட் பூசியிருந்தார்கள். விரிசலில் நுழைந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. அடி உத்தரத்தில் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். பிடி வரை இறங்கியது.

சிமென்டை உரித்துச் சுண்ணாம்புக் காரை பூச உள்ளூராட்சியிடம் விண்ணப்பித்தோம். கட்டணம் கிடையாது, ஆனால் வீட்டில் எது ஏன் முக்கியம், நம் வேலை அதை எப்படிப் பாதிக்கும் என்று அறிக்கை தரவேண்டும். "பழமையும் அழகும் வாய்ந்த வீடு" என்று நான் உருகி எழுதிய ஒன்றரைப் பக்கம் திரும்பி வந்தது. பிறகு பழைய கட்டடங்களை ஆராய்பவர் ஒருவரை அமர்த்தினோம். மாடியில் அவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும், தூண் இணைப்புகளில் தச்சர்கள் கீறிய ரோமன் எண்கள் தெரிந்தன. நான்கு என்ற எண்ணுக்கு IV இல்லை, நான்கு நேர்கோடுகள்! பட்டறையில் சட்டத்தைப் பூட்டிப் பார்த்து, எண் போட்டு, கழற்றி, வீட்டுமனைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டாவது அறிக்கை அந்த எண்களிலிருந்து தொடங்கியது.

எட்டு வாரத்தில் முடிவு வரவேண்டும். எங்களுக்குப் பதினான்கு ஆயிற்று. உள்ளூராட்சியின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரி சிமென்டை எடுக்க உடனே சம்மதித்தார். கூடவே நாங்கள் கேட்டிருந்த இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு முடியாது என்றார். உட்புறம் தனிக் கண்ணாடி பொருத்திக்கொள்ளலாமாம். உத்தரத்தை முழுவதுமாக மாற்றவும் விடவில்லை. அழுகிய பகுதியை மட்டும் வெட்டிப் புது ஓக் ஒட்டுப்போடச் சொன்னார். எரிச்சலாக இருந்தது. சிமென்டை உரித்தபோது கெட்டிருந்தது ஒன்றரை மீட்டர்தான்.

அனுமதி கைக்கு வந்தபோது அக்டோபர் கடைசி. உறைபனியில் சுண்ணாம்பு இறுகாது. குளிர்காலம் முழுக்கச் சுவர் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஏப்ரலில் கொத்தனார் ஆட்டு முடி கலந்த காரையில் மாதிரிக்கு ஒரு சதுர மீட்டர் பூசிக் காட்டினார். அதிகாரி உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "இவ்வளவு வழவழப்பு வேண்டாம்" என்றார். கொத்தனார் மறுபேச்சில்லாமல் மணியாசுப் பலகையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.