47 வயதில் பி.காம்.: ஓர் இனிஷியல் படுத்திய பாடு

ஒருவழியாகத் தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்துவிட்டேன். ப்ளஸ் டூ முடித்தது 1996-இல். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆனாலும் அக்கவுண்டன்ட் பதவி டிகிரி வைத்திருப்பவருக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். சரி, வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன். வயதை யாரும் தடையாகச் சொல்லவில்லை. என்னை அலையவிட்டது பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ஓர் எழுத்து.

2024 முதல் தொலைநிலைப் படிப்புக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தளத்தில் எடுக்கும் டி.இ.பி. ஐ.டி. என்ற மாணவர் எண் கட்டாயம். அதை வாங்க, நம் படிப்புக் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்ணான ஏ.பி.சி. ஐ.டி. வேண்டும், அதற்குச் சான்றிதழ்களை இணையத்தில் வைக்கும் அரசுச் செயலியான டிஜிலாக்கர், டிஜிலாக்கருக்கு ஆதார். என் ஆதாரில் கணவரின் இனிஷியல். பத்தாவது, ப்ளஸ் டூ சான்றிதழ்களில் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில் மாற்றி, அதைக் காட்டி ஆதார் எடுத்த பெண்கள் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் காத்திருக்கிறது. கல்யாணமானால் இனிஷியலை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்களிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

சேர்க்கை மையத்தில் இருந்தவர் என்னுடன் வந்த அக்கா மகளிடம், "உன் ஆதாரைக் குடும்மா" என்றார். சேரப் போவது நான்தான் என்றதும் காகிதங்களை ஒரு புரட்டுப் புரட்டி, "இனிஷியல் மாறுது, சரிபண்ணிட்டு வாங்க" என்று தள்ளிவிட்டார். எங்கே போய், எதை மாற்றுவது? கேட்டதற்குப் பதில் இல்லை, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஓர் ஆசிரியைதான், "மார்க் ஷீட்டைத் தொடாதீங்க, ஆதாரை அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க" என்று வழி சொன்னார்.

ஆதார் மையத்திலும் ஓர் அலைச்சல். என் பழைய மதிப்பெண் சான்றிதழில் புகைப்படம் கிடையாது. அது போதாது என்றார்கள். ஆதாருக்கென்றே ஒரு சான்றுப் படிவம் உண்டு. அதில் போட்டோ ஒட்டி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிப் போனேன். கையெழுத்தும் முத்திரையும் போட்டோவுக்குக் கீழே தனியாக இருக்கின்றன, பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழ வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும் என்பதால், ரசீதில் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகே அங்கிருந்து நகருங்கள். ஆதாரின் ஓ.டி.பி. போய்க்கொண்டிருந்ததோ எப்போதோ விட்டுவிட்ட ஒரு சிம்முக்கு. போன் நம்பர் மாற்ற எந்தச் சான்றும் வேண்டாம், கைரேகை போதும். அதையும் அதே கையோடு முடித்தேன்.

அடுத்தது டி.சி. அசல் எப்போதோ தொலைந்துவிட்டது. பள்ளியில் நகல் கேட்டால், 1996 பதிவேட்டில் என் பெயரே இல்லை என்றார்கள். எப்படி இருக்கும்? சேர்க்கைப் பதிவேடு சேர்ந்த வருடப்படிதான் இருக்கும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1989 ஜூன், அந்த வருடத்துப் புத்தகத்தை எடுங்கள் என்று விடாமல் நின்றேன். எடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தோடு என் பெயர் இருந்தது. அன்று சாயங்காலமே நகல் கைக்கு வந்தது.

ஐ.டி. எடுத்தது, விண்ணப்பம், பணம் கட்டியது எல்லாம் ஒரே நாளில் முடிந்தன.

இதற்கிடையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புரோக்கர், "ஒரே வருஷத்துல டிகிரி, அலைச்சலே வேண்டாம்க்கா" என்றார். பி.காம். மூன்று வருடப் படிப்பு. அதை ஒரே வருடத்தில் தருகிறேன் என்பவர் தருவது வெறும் காகிதம்தான். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் படிப்புக்கு அந்த வருடம் அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி. தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

அரசு வேலை, பதவி உயர்வு என்று நினைப்பவர்கள் பத்தாவது, ப்ளஸ் டூ, பிறகு டிகிரி என்ற வரிசையிலேயே படியுங்கள். ப்ளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் பட்டம் தமிழக அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009-இலேயே அரசாணை எண் 107 வந்துவிட்டது. என் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு தங்கை பத்தாவதோடு நின்றவள். அவளை இப்போது தனித்தேர்வராக ப்ளஸ் டூ எழுதச் சொல்லியிருக்கிறேன். இனிஷியலை மட்டும் முதலில் பார்த்துவிடு என்றேன். அவளுக்கும் ஆதாரில் கணவரின் எழுத்துதான்.